முதலில் பிரேக்

இரவு பதினொன்றரை மணிக்கு மச்சான் வாட்ஸப்பில் மூன்று படங்கள் அனுப்பினார். மூன்றும் ஸ்டியரிங் வீல்கள். ஒன்றில் நீல விளக்கு எரிந்தது, ஒன்றில் சிவப்பு, மூன்றாவதில் இரண்டும். பின்னாலேயே ஒரு குரல் செய்தி.

"மாப்ள, இதுல எதை வாங்கறதுன்னு சொல்லு. நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன். பாப்பா தெனம் கேக்கறா. ஒன்றரை லட்சம் ஒதுக்கி வச்சிருக்கேன். அதுக்கு மேல ஒத்த ரூபா முடியாது."

மச்சானுக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், இரண்டு ஆட்கள். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதைத் திருப்பிப் போட்டு எங்கே வெல்டிங் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிற மனிதர். அவர் ஒரு விளையாட்டுச் சாமானுக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறார் என்றால், வீட்டில் ஏதோ பெரிய பேச்சு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டேன். நடந்திருந்தது.

பாப்பா என்பது வீட்டுப் பெயர். பதினாறு வயது, பிளஸ் ஒன். அவளுடைய தோழியின் பிறந்தநாளுக்கு வாடகை கார்ட் ஓட்டும் இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். பத்து நிமிடம் ஓட்டியதில் அங்கே அன்றைக்கு வந்த எல்லோரையும்விட வேகமான லேப் இவளுடையது. பிறகு சேர்த்து வைத்த காசில் நாலைந்து தடவை தனியாகப் போயிருக்கிறாள். இப்போது ஒற்றை இருக்கை ஃபார்முலா காரில் பயிற்சி எடுக்க வேண்டும், ரேஸ் ஓட்ட வேண்டும் என்கிறாள். மச்சான் விசாரித்திருக்கிறார். பயிற்சிக் கட்டணம், பிறகு லைசென்ஸ், ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு, ஒரு சீசனுக்கு டீமுக்குக் கொடுக்க வேண்டிய பணம் என்று அடுக்கிக்கொண்டே போனதும், நோட்டை மூடி வைத்துவிட்டு, "மொதல்ல வீட்லயே ஓட்டிப் பழகட்டும். சிமுலேட்டர்னு ஒண்ணு இருக்காமா" என்றிருக்கிறார்.

அக்கா கடைசியாக ஒன்று சொன்னாள். "வாங்கறதப் பத்தி ஒண்ணுமில்லடா. ஆனா அந்தச் சாமானக் குடுத்து அவ வாயை அடைச்சுப்புடாதீங்க, ரெண்டு பேரும் சேந்துட்டு."

அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. சரியாக இருந்ததால் பிடிக்கவில்லை.

*

எனக்கும் இதற்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 2005ஆம் ஆண்டு நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்ட ஆரம்பித்தபோது நான் பத்தாம் வகுப்பு முடிக்கிற வயதில் இருந்தேன். அந்த வருடம் ஜூன் 19, இண்டியானாபொலிஸ் ரேஸ். மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் பாதுகாப்புப் பிரச்சினையால் ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் உள்ளே போய்விட்டன. மிச்சம் 6 கார்கள்தான் ஓடின. நரேன் நான்காவதாக வந்தார். ஆறில் நான்கு என்று பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். எனக்கு அது கணக்காகவே படவில்லை. நம் ஊர் ஆள் அங்கே இருந்தார், ஐந்து புள்ளி எடுத்தார், அவ்வளவுதான்.

கோவைக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. எஸ். கரிவரதன் என்கிற மனிதர் இங்கே உட்கார்ந்து ரேஸ் கார்களைத் தானே வடிவமைத்துக் கட்டினார். மாருதியின் இன்ஜினை எடுத்து, சிக்கனமான ஒற்றை இருக்கை கார் செய்து, ஃபார்முலா மாருதி என்று ஒரு பந்தய வகையே உருவானது. நரேன் பந்தயத்துக்குள் வந்ததும் அந்தக் கார் வழியாகத்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சின்னத் தடம். மச்சான் பட்டறையிலிருந்து டூ வீலரில் போய்விடலாம்.

அந்த வயதில் நான் அங்கே போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஓட்ட வேண்டும் என்று வீட்டில் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். பிறகு இன்ஜினியரிங், வேலை, சென்னை. லாக்டவுனில் ஒரு பழைய லாஜிடெக் வீலை வாங்கி மேஜையில் மாட்டி ஓட்டியதுதான் என் ரேஸிங் வாழ்க்கை. அந்த அனுபவத்தை நம்பித்தான் மச்சான் என்னைக் கேட்டார்.

*

விளம்பரங்களைப் பார்த்தால் சிமுலேட்டர் என்றாலே வீல்தான். பிறகு ஸ்கிரீன். பெடல்களைக் கடைசிப் படத்தில், காலடியில், இருட்டில் காட்டுவார்கள். விளையாடுவதற்கு வாங்குகிறவருக்கு அந்த வரிசை சரி. ஓட்டப் பழகுவதற்கு வாங்குகிறவர் அதைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும்.

நான் மச்சானுக்கு முதலில் சொன்னது இதுதான்: "வீலை அப்புறம் பாத்துக்கலாங்க மச்சான். மொதல்ல பிரேக்."

சாதாரண கேமிங் பெடலுக்குள் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அது அளக்கும். நிஜ ரேஸ் காரில் பிரேக் பெடல் அவ்வளவு தூரம் இறங்குவதே இல்லை. நம் வீட்டுக் காரில் இருக்கிற மாதிரி பிரேக்கை லேசாக்கித் தருகிற சர்வோவும் சிறிய ஃபார்முலா கார்களில் இருக்காது. கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். அங்கே ஓட்டுநர் தூரத்தைக் கூட்டிக் குறைப்பதில்லை, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு காலைச் சரியாக 4 சென்டிமீட்டர் கீழே இறக்கு என்றால் யாருக்கும் வராது. இதே அழுத்தம், திரும்ப இதே அழுத்தம் என்றால் பத்து தடவைக்குள் கால் பிடித்துக்கொள்ளும். அதனால் தூரத்தை விட்டுவிட்டு எடையை அளக்கிற பெடல் வேண்டும். அதற்குள் இருப்பது லோட் செல். தராசுக்குள் இருக்கிற அதே சாமான்.

"தராசுல இருக்கறதா?" என்றார் மச்சான். குரலே மாறிவிட்டது. "அதுக்கா மாப்ள இருபதாயிரம் முப்பதாயிரம்னு போட்டிருக்கான்?"

அடுத்த சனிக்கிழமை நான் கோவைக்குப் போனபோது பட்டறை மேஜைமேல் 200 கிலோ லோட் செல் ஒன்று இருந்தது. எடை மெஷின் சர்வீஸ் செய்கிற நண்பரிடம் வாங்கியது. பக்கத்தில் பாதி முடிந்த ஒரு பிரேக் பெடல். எம்.எஸ். பிளேட்டில் வெட்டி, புஷ் போட்டு, பெடலுக்கும் லோட் செல்லுக்கும் நடுவே யூரித்தேன் உருளைகள் வைத்திருந்தார். உருளையை மாற்றினால் பெடலின் கடினம் மாறும். அதைச் செய்து முடிக்க அவருக்கு இரண்டு சாயங்காலம் ஆகியிருந்தது.

மிச்சம் என் வேலை. லோட் செல்லிலிருந்து வருகிற மின்னழுத்தம் மிகமிகச் சின்னது. அதைப் பெருக்கி எண்ணாக மாற்ற ஹெச்.எக்ஸ்.711 என்ற சிப்பையும், கம்ப்யூட்டருக்கு அதை ஜாய்ஸ்டிக் மாதிரி காட்ட ஒரு ஆர்டுயினோவையும் போட்டேன். வேலை செய்தது. பாப்பா உட்கார்ந்து நாலு லேப் ஓட்டிவிட்டு, "மாமா, பிரேக் தூங்கி எந்திரிச்சு வருது" என்றாள்.

கோடில் தேடினேன். மூன்று மணிநேரம். தப்பு கோடில் இல்லை. அந்தச் சின்ன போர்டு கடையிலிருந்து வரும்போது நொடிக்கு 10 தடவைதான் அளக்கும். அதாவது இரண்டு அளவுகளுக்கு நடுவே 100 மில்லி செகண்ட். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிற கார் அந்த நேரத்தில் 2.8 மீட்டர் தாண்டிவிடும். எடை மெஷினில் அரிசி மூட்டைக்கு அது பெரிய விஷயமில்லை. சிப்பின் 15ஆவது காலை போர்டிலிருந்து தூக்கி, பக்கத்தில் இருக்கிற 16ஆவது காலோடு சேர்த்துப் பற்ற வைத்தால் நொடிக்கு 80 தடவை அளக்கும். மச்சான்தான் லென்ஸ் மாட்டிக்கொண்டு பற்ற வைத்தார். என் கைக்கு நடுக்கம் உண்டு.

இதற்கென்றே வேறு வேகமான சிப்களும் இருக்கின்றன. ஆனால் பாப்பா அடுத்த லேப் முடிந்ததும் தலையை மட்டும் ஆட்டினாள். விட்டுவிட்டோம்.

*

பிரேக்குக்கு அடுத்தது உட்காருமிடம். 60, 70 கிலோ அழுத்தத்தில் பெடலை மிதித்தால், சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி பின்னால் ஓடும். மேஜை நடுங்கும். எவ்வளவு நல்ல லோட் செல்லும் ஆடுகிற சட்டத்தில் பொய் சொல்லும். வெளிநாட்டில் அலுமினிய புரொஃபைலில் ரிக் கட்டுகிறார்கள். அழகாக இருக்கும், வேண்டியபடி நகர்த்தலாம், விலையும் அப்படியே. மச்சான் இரண்டு அங்குல ஸ்கொயர் பைப்பில் கட்டினார். உக்கடம் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மாருதி சீட். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பெடல் பிளேட் மேலும் கீழும் நகர வேண்டும். ஃபார்முலா காரில் சாய்ந்து, காலை நீட்டி, குதிகால் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்க உட்காருவார்கள். மேஜையில் உட்கார்ந்து பழகின கால், அங்கே போனதும் வேறு காலாகிவிடும்.

மூன்றாவது, பார்வை. கேம்கள் பெரும்பாலும் அகலமான காட்சியைக் கொடுத்து வைத்திருக்கும். வேகம் அதிகமாகத் தெரியும், விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் எல்லாமே உண்மையைவிடத் தூரமாகத் தெரியும். பிரேக் போடும் இடத்தைக் கண் தப்பாகப் படித்துக்கொள்ளும். இதற்கு ஒரு எளிய திரிகோணமிதி இருக்கிறது. 32 அங்குல ஸ்கிரீனின் அகலம் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து அது 55 சென்டிமீட்டரில் இருந்தால், காட்சிக் கோணம் 65 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். அந்த எண்ணைத்தான் கேமில் போட வேண்டும். போட்டதும் முதலில் ஏமாற்றமாக இருக்கும், ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. ஸ்கிரீனை வீலுக்குப் பின்னால் ஒட்டினாற்போலக் கொண்டுவருவதுதான் வழி. மூன்று ஸ்கிரீன் வைத்தால் பக்கவாட்டில் வளைவின் உள்முனையைத் தலை திருப்பிப் பார்க்கலாம், ஆனால் கம்ப்யூட்டர் மூன்று மடங்கு வரைய வேண்டும். வி.ஆர். ஹெட்செட் கடன் வாங்கிப் பார்த்தோம். கண்ணாடி போடுகிற பாப்பாவுக்குக் கால்மணி நேரத்தில் குமட்டியது. ஒரே ஸ்கிரீன், பக்கத்தில் என்று முடிவானது.

நான்காவதாகத்தான் வீல். மலிவானவற்றில் மோட்டாரின் விசை பல்சக்கரம் வழியாக வரும், கடகடவென்று கையில் தெரியும். அடுத்த விலையில் பெல்ட். டைரக்ட் டிரைவ் என்பதில் மோட்டாரின் அச்சிலேயே வீலை மாட்டிவிடுவார்கள். நடுவில் எதுவும் இல்லாததால் சின்னச் சின்னச் செய்திகள் மழுங்காமல் வரும். எண்ணிக்கையை நியூட்டன் மீட்டரில் போடுவார்கள். 2 நியூட்டன் மீட்டர் என்றால் வீலின் விளிம்பில் ஒன்றரைக் கிலோ இழுப்பதுபோல. 5.5 என்றால் ஏறக்குறைய நாலு கிலோ. 25க்கு மேலும் இருக்கிறது, அவ்வளவு வேண்டியதில்லை.

வீல் சொல்லும் முக்கியமான செய்தி, அது லேசாகிற தருணம். முன்டயர் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது, அதைத் தாண்டுவதற்குச் சற்று முன்பே, ஸ்டியரிங்கின் கனம் குறைய ஆரம்பிக்கும். அந்தத் தளர்ச்சியைக் கை படித்துவிட்டால் போதும். பின்டயர் நழுவுவதை நிஜக் காரில் இடுப்புதான் முதலில் சொல்லும். வீட்டில் இடுப்புக்குச் செய்தி வராது. அதையும் கையும் கண்ணும்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் வீலில் பலத்தைவிடத் தெளிவு முக்கியம். மோஸா நிறுவனத்தின் ஆர்5 என்கிற 5.5 நியூட்டன் மீட்டர் வகையை எடுத்தோம். பிரேக் எங்களுடையது. கம்ப்யூட்டர் என் பழையது.

எல்லாம் சேர்த்து 88,000 ரூபாய். மிச்சம் 62,000. அடுத்த வருடம் பெரிய மோட்டார், மூன்று ஸ்கிரீன் என்று நானும் பாப்பாவும் பேசி வைத்துக்கொண்டோம்.

*

நாலு மாதம் ஓட்டினாள். பள்ளிக்கூட நாளில் முக்கால் மணி நேரம், ஞாயிறு இரண்டு மணி நேரம். முதலில் அசெட்டோ கோர்ஸாவில், யாரோ ஒரு ஆர்வலர் உருவாக்கிய சென்னை இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில். 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். தடத்தை மனப்பாடம் செய்வதில் பெரிய பயனில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. அவள் பழக வேண்டியது பிரேக்கை விடுவதை. வளைவுக்கு முன் ஒரே மிதியாக மிதித்து, வீலைத் திருப்பத் திருப்பக் காலை மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். மிதிப்பது சுலபம், எடுப்பதுதான் வித்தை. சட்டென்று எடுத்தால் முன்டயரின் மேலிருந்த பாரம் போய்க் கார் நேராகப் போகும். எடுக்கத் தாமதித்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரும்.

இரவில் அவள் ஓட்டிய லேப்களின் பிரேக் வரைபடத்தை எனக்கு அனுப்புவாள். ஆரம்பத்தில் அது கோபுரம் கோபுரமாக இருந்தது. மூன்றாவது மாதத்தில், ஒரு பக்கம் செங்குத்தான சுவர், மறுபக்கம் சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை. நாற்பது லேப்பில் முப்பத்தைந்து அப்படி. பிரேக் குத்தும் இடம் லேப்புக்கு லேப் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. நான் ஆபீஸில் உட்கார்ந்து அந்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துப் பூரித்துப்போவேன்.

'கிரான் டூரிஸ்மோ' என்று 2023இல் ஒரு படம் வந்தது. 2011இல் வீடியோ கேம் போட்டி ஒன்றில் ஜெயித்து நிஜ ரேஸராக மாறிய யான் மார்டன்பரோவின் கதை. பாப்பா அதை நாலு தடவை பார்த்திருக்கிறாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மச்சான், அக்காவின் பேச்சுக்குப் பயந்தோ, மனம் மாறியோ, கரியில் நடந்த பயிற்சி ஒன்றில் அவளைச் சேர்த்தார். நானும் லீவு போட்டுப் போனேன். ஒற்றை இருக்கை கார். சேதமானால் பிடித்துக்கொள்ள ஒரு முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள்.

சீக்கிரம் ஜெயிப்பாள் என்று எதிர்பார்க்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனாலும் எதிர்பார்த்தேன். அன்றைக்கு வந்த எட்டுப் பேரில் பாப்பா ஏழாவது. பயிற்சியாளர் அவளைப் பாராட்டவே செய்தார். பிரேக்கை விடுகிற கால் அருமை, இந்த வயதில் பார்த்ததில்லை என்றார். "ஆனா பிரேக்க இருபது மீட்டர் முன்னாடியே போடறாங்க. எல்லா கார்னர்லயும். சொன்னா கேட்டுக்கறாங்க, அடுத்த லேப்பும் அதேதான்."

பயம், பழகினால் போய்விடும் என்றார் மச்சான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் இடுப்புக்கு எந்த விசையும் வரவில்லை, காற்று அடிக்கவில்லை, உடம்புக்கு ஆபத்து இல்லை. அதனால் உடம்பு மிரண்டுவிட்டது.

சென்னைக்கு வரும் ரயிலிலேயே நான் தீர்வை எழுதிவிட்டேன். எங்கள் சிமுலேட்டரில் ஒரு குறை இருந்தது: ரீஸ்டார்ட் பட்டன். சுற்றினால் அழுத்து, காற்றிலிருந்து புதுக் கார் வந்து இறங்கும். தப்புக்கு விலையே இல்லை. அதனால் நிஜத்தில் விலை வந்ததும் தடுமாறுகிறாள். விலை வைத்துவிடலாம். ஐரேசிங்கில் ஏற்கனவே அப்படி ஒரு முறை உண்டு. தடத்தை விட்டு இறங்கினால் ஒரு புள்ளி, சுற்றினால் இரண்டு, இன்னொரு காரைப் பலமாக இடித்தால் நாலு. புள்ளி சேரச் சேர உங்கள் தரம் இறங்கும். நான் அதையும் தாண்டி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். சுற்றினால் அன்றைக்கு அத்தோடு முடிந்தது, கேம் தானே மூடிக்கொள்ளும். இடித்தால் என்ன உடைந்திருக்கும், எத்தனை ரூபாய் என்று திரையில் காட்டும். மூக்கு இவ்வளவு, சஸ்பென்ஷன் கம்பி இவ்வளவு, டயர் இவ்வளவு. அந்த விலைகளை மச்சானிடமே கேட்டு வாங்கியிருந்தேன். எனக்கு அது ரொம்பப் பெருமையாக இருந்தது.

வீடியோ காலில் அதை அவளுக்குக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாமா, இந்த லிஸ்ட் எனக்குத் தெரியும்" என்றாள். "மூக்குக்கு நீங்க போட்டிருக்கறது கம்மி."

எனக்குப் புரியவில்லை.

"நான் பயந்து பிரேக் போடல மாமா. வேகம் எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு கார்னர்லயும் இதுல போனா எவ்வளவுன்னு ஓடிட்டே இருந்துச்சு. அப்பா அந்த அட்வான்ஸ் கட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். பட்டறைல இந்த மாசம் என்ன வந்துச்சுன்னும் தெரியும். வீட்ல ஓட்டறப்ப அது ஓடாது. அதனாலதான் வீட்ல கரெக்டா போடறேன். அங்கயும் இதக் கொண்டுவந்து வச்சீங்கன்னா நான் எங்க போய் ஓட்டறது?"

நான் அந்த புரோகிராமை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

*

பிறகு யோசித்தால், மார்டன்பரோ கதையில் நானும் அவளும் பார்க்காமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் போட்டியின் பரிசே ஓட்டும் வாய்ப்புதான். நிஸானும் சோனியும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. சிமுலேட்டர் அவருக்கு வேகத்தைக் கற்றுக்கொடுத்தது. நிஜத் தடத்தில் தப்பு செய்து கற்றுக்கொள்ளும் செலவை இன்னொருவர் ஏற்றுக்கொண்டார். இரண்டாவது இல்லாமல் முதலாவதற்கு அர்த்தமில்லை. கேமிலிருந்து காருக்குப் போனவர்களின் கதை எதைக் கேட்டாலும், நடுவில் எங்கேயோ ஒருவர் பில்லைக் கட்டியிருப்பார். அவர் பெயர் படத்தின் தலைப்பில் வருவதில்லை.

வீட்டில் தப்புக்கு விலை இல்லாமல் இருப்பதை நான் குறை என்று நினைத்தேன். அந்தப் பெட்டியில் நாங்கள் வாங்கியதிலேயே மதிப்பானது அதுதான். தப்பான இடத்தில் மிச்சம் பிடிக்கப் பார்த்தது நாங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானிடம் பேசினேன். 62,000 மிச்சம் இருக்கிறதே, பெரிய மோட்டார் வேண்டாம், மூன்று ஸ்கிரீன் வேண்டாம் என்றேன். நேராக விஷயத்துக்கு வா மாப்ள என்றார்.

"அந்தக் காச உடைக்கறதுக்குன்னு ஒதுக்கிடலாங்க மச்சான்."

"என்னத்த உடைக்கறதுக்கு?"

"காரை."

நீண்ட நேரம் லேத் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார், "புதுப் பையன் பட்டறைக்கு வந்தா மொத மாசம் பத்து ஷாஃப்ட் வேஸ்ட் பண்ணுவான். அதையும் கணக்குல சேத்துத்தான் வேலைக்கு வச்சுக்குவேன். சேக்கலைன்னா அவன் கருவியவே தொடமாட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "இதுக்கு ஏன் எனக்கு அது தோணல" என்றார்.

அடுத்த பயிற்சி நாள் இரண்டு மாதம் கழித்து. நான் போக முடியவில்லை, ரிலீஸ் இருந்தது. காலையில் கிளம்பும்போது மச்சான் நோட்டில் எழுதி அவளிடம் காட்டினாராம்: இன்னைக்கு மூணு ஸ்பின், ஒரு மூக்கு. செலவு எழுதியாச்சு. மிச்சம் வெச்சுட்டு வரக் கூடாது.

மதியம் அக்கா ஒரு வீடியோ அனுப்பினாள். தூரத்திலிருந்து, கை நடுங்க எடுத்தது. நேரான பாதையின் முடிவில் ஒரு கார் வருகிறது, தாமதமாகப் பிரேக் போடுகிறது, உள்ளே திரும்புகிறது, பின்பக்கம் நழுவி ஒரு முழுச் சுற்று சுற்றி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு புல்லில் போய் நிற்கிறது. அக்கா "ஐயோ சாமீ" என்பது கேட்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இன்ஜின் சத்தம், கார் மெல்லத் தடத்துக்குத் திரும்புகிறது. ஒன்றும் உடையவில்லை. சுற்றினால் காசு கிடையாது, இடித்தால்தான் என்பது அன்றைக்குத்தான் எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது.

எட்டுப் பேரில் நாலாவதாக வந்தாள். ஒருநாள் பயிற்சியில் நாலாவது என்பதால் எதுவும் ஆகிவிடாது. ஒரு சீசனுக்கான பணம் இன்னமும் எங்களிடம் இல்லை. மச்சான் இரண்டு பம்ப் கம்பெனிகளிடம் ஸ்பான்ஸர் கேட்டிருக்கிறார். ஒருவர் சிரித்தார், ஒருவர் பார்க்கலாம் என்றார். உடைக்க ஒதுக்கிய பணத்தில் அந்த நாளின் கட்டணம் போக 40,000 சொச்சம் இருக்கிறது. அது தீரும்போது அவள் எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

அன்றிரவு அவளிடமிருந்து ஒரு வரைபடம் வந்தது. தடத்தில் சுற்றிய அதே மாதிரியான ஒரு வளைவைச் சிமுலேட்டரில் தேடிப் பிடித்து, வேண்டுமென்றே அதே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறாள். பதினேழு தடவை சுற்றியிருக்கிறாள். கீழே ஒரு குரல் செய்தி.

"மாமா, பிரேக்க விட லேட் பண்ணிருக்கேன். கால்தான். கணக்கு இல்ல."